மலையேறிய சக்கரங்கள் – 17: கல்லாறில் நின்ற காரும், நிற்காமல் போன காரும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பாதை வெட்டிய கதையைப் பார்த்தோம். 1899-ல் பல்சக்கர ரயில் அதே மலையை ஏறியதைப் பார்த்தோம். 1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தன் முதல் பேருந்தை ஓட்டிய நாளையும் பார்த்தோம்.

சென்ற வாரம் 1953-ல் நிறுத்தியிருந்தேன். உதிரிபாகங்களை இங்கேயே செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இனி இந்தியாவில் இடமில்லை என்று டெல்லி முடிவெடுத்த வருடம் அது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் சந்தையில் முக்கியமாக மூன்று பேர் மிஞ்சினார்கள். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு.

அந்த மூவரில் ஒருவர் செய்த கார் ஏறக்குறைய கால் நூற்றாண்டு நம் மலைப்பாதையை ஆண்டது. பிறகு அதற்கு எதிராக ஒரு கார் வந்தது. எடையில் முன்னதில் பாதியைச் சற்றே தாண்டும். அவ்வளவுதான்.

அம்பாசடர், மாருதி 800. இந்த இரண்டையும் ஒரே ஏற்றத்தில் அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்கப்போகிறோம்.

* * *

காரைச் சோதிக்க இதைவிடக் கறாரான சாலை கொங்கு நாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரம். குன்னூர் நிலையம் 1,700 மீட்டருக்கு மேல். நடுவே சாலை முப்பது கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதிலும் பவானிப் பாலத்தைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு வரை சமவெளிதான். ஏற வேண்டிய உயரம் மொத்தமும் கல்லாறுக்குப் பிறகு, 14 கொண்டை ஊசி வளைவுகளில் சுருண்டு கிடக்கிறது.

சமவெளியின் வெயிலில் காய்ந்த வண்டி, மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் ஏற்றத்தில் கால் வைக்க வேண்டும். மேலே போகப்போகக் குளிர் வரும் என்பது உண்மை. ஆனால் வண்டிக்குக் குளிர் தேவைப்படும் இடம் கீழே இருக்கிறது.

* * *

முதலில் பெரியவர்.

1956-ல் இங்கிலாந்தின் கௌலி தொழிற்சாலையிலிருந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்ற கார் வெளிவந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதன் உரிமத்தை வாங்கியது. 1950களின் இறுதியில் உத்தரபாராவிலிருந்து அதே கார் அம்பாசடர் என்ற பெயரில் இறங்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் பழைய பாணி சைடு வால்வு இஞ்சின். விரைவிலேயே 1,489 சிசி ஓவர்ஹெட் வால்வு இஞ்சின் வந்து உட்கார்ந்தது. ஏறக்குறைய 50 குதிரைத்திறன்.

ஆங்கிலேயர் அந்த உடலை 1959-லேயே கைவிட்டுவிட்டார்கள். நாம் விடவில்லை. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று முன்முகத்தின் கிரில் மாறியதே தவிர, கூரையின் வளைவும் கதவின் கனமும் அப்படியே இருந்தன.

ஏன் மாறவில்லை? மாற வேண்டிய கட்டாயம் எங்கிருந்தும் வரவில்லை. லைசென்ஸ் ஆட்சியில் எத்தனை கார் செய்யலாம் என்பதையே அரசு சொன்னது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள் வாடிக்கையாளர்கள். 1980களின் தொடக்கத்தில்கூட நாடு முழுவதும் ஓராண்டில் தயாரான கார்கள் ஏறக்குறைய 40,000தான். வரிசையில் நிற்பவனிடம் போய் உனக்கு என்ன மாதிரி வண்டி வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் கேட்காது.

இதில் அம்பாசடரின் குற்றம் ஒன்றுமில்லை. அந்த வண்டியைக் கிண்டல் செய்பவர்கள் அதில் ஏழெட்டுப் பேர் ஏறி, டிக்கியில் வாழைத்தாரும் கூரையில் மூட்டையும் கட்டி, பழனிக்கும் மருதமலைக்கும் போன குடும்பங்களைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். முன்சீட்டும் ஒரே பெஞ்ச். கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருந்தது. அதனால் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மண்டி வியாபாரிக்கும் தோட்டத்துக்காரருக்கும் வேண்டியிருந்தது அந்த இடம்தான்.

* * *

கல்லாறு.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காலத்து டிரைவர்களும் இங்கேதான் நிறுத்தினார்கள்.

"மொதலாளி, கல்லாறு வந்துருச்சுங்க. தண்ணி பாத்துக்கிட்டு ஏறிக்கலாமுங்க."

ஒவ்வொரு பயணத்திலும் டிரைவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தே தீரும். போனட் திறக்கும். டிக்கியிலிருந்து தண்ணீர் டின் இறங்கும். பேன் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தி, தொய்வு எவ்வளவு என்று பார்ப்பார். பிறகுதான் ஏற்றம்.

அப்படிப் பார்த்து ஏறினாலும் பாதி வழியில் ஆவி கிளம்புவது உண்டு. காரணம் எளிமையானது. ஏற்றத்தில் வண்டி செகண்ட் கியரில் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. இஞ்சின் முழுப் பலத்தோடு உழைக்கிறது. ஆனால் முன்னாலிருந்து ரேடியேட்டருக்குள் வரும் காற்று குறைவு. பேன் இருக்கிறதே என்றால், அது பெல்ட் வழியே இஞ்சினோடு கட்டுண்டது. கொண்டை ஊசியில் திரும்பும்போது இஞ்சின் சுழற்சி இறங்கும். கூடவே பேனும் மந்தமாகும். சூடு உச்சத்தில் இருக்கும் அதே நொடியில் காற்று குறைகிறது.

கோவை மாவட்டத்தின் கிணற்றுத் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. சிறுவாணித் தண்ணீர் கிடைத்தவர்கள் தப்பித்தார்கள். போர்வெல் உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரின் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு கட்டிவிடும். சமவெளியில் அது தெரியாது. மலை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆவி வந்துவிட்டால் என்ன செய்வது என்பது ஒரு தனி வித்தை. ஓரங்கட்ட வேண்டும். கிளீனர் பையன் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுப்பான். உடனே மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சாக்கை மடித்து மூடிமேல் போட்டு, கால் திருகு திருகி, ஆவி சீறி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் இஞ்சினை மெதுவாக ஓடவிட்டபடியே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டினால் இஞ்சின் பிளாக்கே விரிசல் விடும். பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயில் காற்றடைத்துக்கொண்டால், பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவார்கள்.

இத்தனையும் தெரிந்தவர்தான் மலை டிரைவர். மலைக்கு வண்டி எடுக்கிறவர் யார் என்று விசாரித்துவிட்டே குடும்பங்கள் கிளம்பின. பக்கத்தில் தண்டவாளத்தில் ஏறிய நீராவி ரயிலும் ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் போனது. நின்று, ஆறி, மறுபடி ஏறுவது இந்த மலையின் வழக்கமாகவே இருந்தது. பர்லியாறில் டீயும் மங்குஸ்தானும் வாங்கித் தின்ற அந்த இடைவேளையைப் பயணத்தின் குறை என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

* * *

1983 டிசம்பர் 14.

டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தி, இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவரிடம் ஒரு வெள்ளைக் காரின் சாவியைக் கொடுத்தார். விலை ரூ. 47,500.

அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அது சஞ்சய் காந்தியின் பிறந்தநாள். மக்கள் கார் என்ற அவருடைய கனவு 1971-ல் மாருதி என்ற பெயரில் தொடங்கி, ஓடக்கூடிய காரைச் சந்தைக்குக் கொண்டுவராமலே முடங்கிப் போயிருந்தது. 1980-ல் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு அரசு அந்த நிறுவனத்தைக் கையகப்படுத்தியது. 1981-ல் மாருதி உத்யோக் பிறந்தது.

அதைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு ஒரு தமிழரிடம் வந்தது. வி. கிருஷ்ணமூர்த்தி. தஞ்சை மண்ணின் கருவேலி கிராமத்தில் பிறந்தவர். பெல் நிறுவனத்தின் தலைவராக இருந்து பெயர் வாங்கியவர். ஆர்.சி. பார்கவாவும் அவரோடு சேர்ந்துகொண்டார். உலகக் கம்பெனிகளின் கதவுகளைத் தட்டி, கடைசியில் 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசூகியோடு கையெழுத்திட்டார்கள்.

இந்தக் கதையில் திருப்புமுனை எது என்று கேட்டால், சாவி கொடுத்த நாளைவிடக் கையெழுத்துப் போட்ட இந்த நாளையே நான் சொல்வேன். பழைய காரின் உரிமத்தை வாங்கி முப்பது வருடம் ஓட்டுவது என்ற வழக்கம் இங்கே உடைந்தது. சுசூகி முதல் போட்டுப் பங்குதாரராகவே வந்தது. ஜப்பானில் அப்போது ஓடிக்கொண்டிருந்த காரின் தொழில்நுட்பம், தொழிற்சாலை ஒழுங்கு எல்லாம் சேர்ந்தே வந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு ரூ. 10,000 கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

* * *

கல்லாறுக்கு அந்தச் சின்னக் கார் வந்தபோது என்ன ஆனது?

ஒன்றும் ஆகவில்லை. நிற்காமல் போய்விட்டது.

796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 39 குதிரைத்திறன். 1986-ல் புது உடலோடு வந்த வண்டியின் எடை 650 கிலோ அளவுதான். ரேடியேட்டருக்குப் பின்னால் மின்சார பேன். இஞ்சின் வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் அதற்குக் கவலையில்லை. தண்ணீரின் சூடு ஒரு அளவைத் தாண்டினால் தானாகச் சுற்றும். ஆறினால் தானாக நிற்கும். கொண்டை ஊசியில் அம்பாசடரைக் கைவிட்ட பேன் போல இது கைவிடவில்லை. தண்ணீர் டின்னுக்கு வேலை இல்லாமல் போனதற்குப் பெரும் காரணம் உள்ளங்கையளவு மின்மோட்டார் ஒன்று.

ஆனால் இதோடு மாருதி வென்றது, அம்பாசடர் தோற்றது என்று எழுதிவிட்டால் அது பாதி உண்மைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காலி வண்டியில் ஒரு டன் எடைக்கு அம்பாசடரிடம் இருப்பது ஏறக்குறைய 45 குதிரைத்திறன். மாருதியிடம் 60. பெரிய வித்தியாசம். இப்போது இரண்டிலும் ஐந்து பேரை ஏற்றி, பெட்டி படுக்கையோடு 400 கிலோ வையுங்கள். அம்பாசடருக்கு 33, மாருதிக்கு 37. பதினைந்தாக இருந்த இடைவெளி நான்காகச் சுருங்கிவிடுகிறது. சுமை ஏற ஏற, சின்ன வண்டியின் சாமர்த்தியம் வேகமாகக் கரைகிறது.

இன்னொன்றும் உண்டு. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாயும். அம்பாசடர் பின்சக்கரத்தால் உந்தப்படுவது. சாய்கிற பாரம் அதன் பிடிமானத்தைக் கூட்டும். மாருதி முன்சக்கரத்தால் இழுக்கப்படுவது. பாரம் பின்னுக்குப் போகும்போது முன்சக்கரம் லேசாகிவிடும். மழை பெய்து சேறு படிந்த கொண்டை ஊசியில், ஆள் நிரம்பிய மாருதியின் முன்டயர் வழுக்கிச் சுற்றுவதை மலைப்பாதையில் ஓட்டியவர்கள் அறிவார்கள். பக்கத்தில் அம்பாசடர் உறுமிக்கொண்டே ஏறிப் போகும்.

மேலே போகப்போக இரண்டுக்கும் மூச்சு வாங்கும் என்பது பொது விதி. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்றின் அடர்த்தி பத்து சதவீதம் அளவுக்குக் குறையும். இஞ்சினின் பலமும் அதே அளவு இறங்கும். கார்பரேட்டர் வண்டிகளுக்குப் பெட்ரோல் கலவையும் மிஞ்சிப்போகும். ஊட்டி போய்ச் சேரும்போது இரண்டு வண்டிகளும் தம் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கும்.

இறக்கத்தில் மாருதிக்கே என் ஓட்டு. அம்பாசடரின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டியைப் பதினான்கு வளைவுகளிலும் காலால் பிடித்து இறக்கினால், பிரேக் லைனர் கருகும் வாடை வரும்; அப்புறம் பெடல் இருக்கும், பிடி இருக்காது. செகண்ட் கியரிலேயே இறங்கு என்ற பாடத்தை மலை டிரைவர்கள் உயிர்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தது அதனால்தான். மாருதியில் பிடிக்க வேண்டிய எடையே குறைவு; முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வேறு.

* * *

வித்தியாசம் மலையில் மட்டும் தெரியவில்லை. பட்டறையிலும் தெரிந்தது.

அம்பாசடரின் போல்ட், நட்டு எல்லாம் அங்குல அளவு. அரை இஞ்ச், ஏழு பதினாறு என்று ஸ்பேனர் கேட்பார் மெக்கானிக். கோவையின் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் உள்ள லேத் பட்டறைகளில் அந்த வண்டிக்குச் செய்து தர முடியாத பாகம் குறைவு. பம்புசெட் செய்த கைகளுக்கு அம்பாசடரின் புஷ்ஷும் பின்னும் பெரிய வேலையில்லை. வண்டி எங்கே படுத்தாலும், சுத்தியலும் திருப்புளியும் உள்ள ஊரில் எழுந்துவிடும்.

மாருதி மில்லிமீட்டர் ஸ்பேனரோடு வந்தது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு. பழைய பெட்டியிலிருந்த ஸ்பேனர்கள் அதன் நட்டில் சரியாக உட்காரவில்லை. கண்ணளவில் கடைந்து போடும் பாகத்தை அந்த இஞ்சின் ஏற்கவும் இல்லை. பல பட்டறைகள் அந்த வண்டியைத் தொடத் தயங்கின.

ஆனால் அதே துல்லியம் கொங்கு நாட்டுக்கு வேறொரு கதவைத் திறந்தது. உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை மாருதிக்கும் இருந்தது. ஜப்பானியர் கேட்கும் தரத்தில் வார்ப்புப் பாகமும் மீட்டர்களும் செய்யும் தொழிற்சாலைகள் கோவையிலும் பெருந்துறையிலும் வளர்ந்தன. பம்பும் நூற்பு எந்திரமும் செய்து பழகிய ஊர், காருக்கான பாகங்களைக் கோடிக்கணக்கில் செய்யும் ஊரானது. அந்தக் கதைக்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும், பின்னால் வருவோம்.

கோவை ஆலைத்தொழில் குடும்பத்து இளைஞர் எஸ். கரிவரதன் இன்னும் ஒரு படி மேலே போனார். குடும்பங்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஓட்டிப்போன அந்த 796 சிசி இஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காருக்குள் வைத்தார். 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி பிறந்தது. பணம் கொழுத்தவர்களின் வெளிநாட்டுக் கார்களுக்கு நடுவே, கையடக்கமான செலவில் இளைஞர்கள் பந்தயம் ஓட்ட அது வழிவிட்டது. அதில் ஓட்டத் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையம் பந்தயத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

* * *

இத்தனைக்கும் மேலாக மாருதி செய்த ஒரு மாற்றத்தைத்தான் நான் முதன்மையாக நினைக்கிறேன். ஸ்டியரிங் கை மாறியது.

அம்பாசடர் காலத்தில் கார் வைத்திருந்தவர் பெரும்பாலும் பின்சீட்டில் இருந்தார். ஓட்டியவர் வேறு ஒருவர். சொந்தமாக ஓட்டிய முதலாளிகளும் இருந்தார்கள்தான். ஆனால் மலைக்குப் போவதென்றால் டிரைவரைக் கூப்பிட்டார்கள். ஸ்டியரிங்கின் கனம், கிளட்ச்சின் கனம், வழியில் ஆவி வந்தால் என்ன செய்வது என்ற பயம். இந்த மூன்றும் சேர்ந்து அந்த இருக்கையைத் தொழில் தெரிந்த ஆணுக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருந்தன.

மாருதி இந்த மூன்றையும் ஒருசேர எடுத்துவிட்டது. பாங்க் ஊழியர் ஓட்டினார். டாக்டரம்மா ஓட்டினார். கல்லூரிக்குப் போகும் மகள், அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆர்.எஸ்.புரம் வீதிகளில் பழகினாள்; பிறகு ஒரு மே மாத விடுமுறையில் அவளே குன்னூர் வரை ஓட்டிப் போனாள். தனக்கென்று ஒரு வண்டி, தானே ஓட்டும் வண்டி என்பது நடுத்தரக் குடும்பத்துக்குக் கைக்கெட்டிய பொருளானது அப்போதுதான். மலை டிரைவரின் வித்தை இல்லாமலே மலையேறலாம் என்று ஆன நாளில், அந்த வித்தைக்கு இருந்த மரியாதையும் குறையத் தொடங்கியது. ஒன்றுக்காக மகிழ்கிறேன். மற்றொன்றுக்காக வருந்துகிறேன். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

* * *

அப்படியானால் 1980களிலேயே அம்பாசடர் மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும் அல்லவா?

இறங்கவில்லை.

அதிகாலையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையம் வந்து நிற்கும்போது, நிலையத்துக்கு வெளியே டாக்சி ஸ்டாண்டில் காத்திருந்தவை அம்பாசடர்கள்தான். 90களிலும் அவைதான். வீடுகளை மாருதிக்கு விட்டுக்கொடுத்த வண்டி, ஸ்டாண்டை விட்டுக்கொடுக்கவில்லை. 1980 வாக்கில் அதற்கு டீசல் இஞ்சின் வந்தது. மலையில் கரும்புகை கக்கி ஊர்ந்தாலும், கிலோமீட்டர் கணக்கில் பிழைப்பவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியானது. 1992-ல் ஜப்பானின் இசுசு 1,817 சிசி பெட்ரோல் இஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. அதே 90களில் இசுசு டீசலும் வந்தது. கல்லாறில் நின்று தண்ணீர் பார்த்த வண்டி, கிழ வயதில் பழைய உடலுக்குள் புது நெஞ்சோடு ஏறிப் போனது.

சுமை கூடும்போது இடைவெளி சுருங்கும் என்று மேலே ஒரு கணக்கு போட்டோமே, ஸ்டாண்டில் அம்பாசடரைக் காப்பாற்றியது அந்தக் கணக்குதான். ஆறு பேரும் எட்டுப் பெட்டியும் மாருதிக்குள் அடங்கவில்லை.

வீட்டுக்கு ஒன்று, ஸ்டாண்டுக்கு ஒன்று என்று மலையைப் பங்கு போட்டுக்கொண்ட இந்த இரண்டு கார்களும் இப்படியே வெகுகாலம் ஓடியிருக்கலாம்.

2014 ஜனவரியில் மாருதி 800-ன் தயாரிப்பு நின்றது. அதே ஆண்டு மே 24-ல் உத்தரபாரா தொழிற்சாலையில் வேலை நிறுத்திவைக்கப்பட்டு, அம்பாசடரும் நின்றது. ஒன்று லட்சக்கணக்கில் விற்று இந்தியாவையே சக்கரத்தில் ஏற்றிய கார். மற்றொன்று ஆண்டுக்குச் சில ஆயிரத்தைத் தாண்டி விற்க முடியாமல் தள்ளாடிய கார். 1983-ல் ஒன்றையொன்று எதிர்த்து நின்றவை, நாலே மாத இடைவெளியில் விடைபெற்றன.

மேட்டுப்பாளையம் ஸ்டாண்டிலும் கோவையின் வீட்டு வாசல்களிலும் அதற்கு முன்பே வேறு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. தோற்றதாக நாம் நினைத்த காரையும், வென்றதாக நாம் நினைத்த காரையும் ஒரே ஆண்டில் சாலையை விட்டு இறக்கியது யார்?

(தொடரும்)